மூச்சுக்கு மின்னேற்றுவது யார்?

சென்ற ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் எங்கள் பாடசாலையின் பழைய வகுப்பறைக் கட்டிடமொன்றின் கூரையை இறக்கினோம். "இறக்கினோம்" என்று பன்மையில் எழுதுவதனால் என் பழி குறைந்துவிடாது. பெற்றோருக்குக் கடிதம் எழுதி அழைத்தவன் நான். உயர்தர வகுப்பு மாணவர்களை வரிசையாக நிறுத்தி, மேலிருந்து தள்ளப்பட்டு முற்றத்தில் விழுந்து நொறுங்கிய அஸ்பெஸ்டஸ் சீற்றுக்களை அள்ளி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுமாறு பணித்தவனும் நானே. வெயிலில் அந்தத் தூசு மாவைப் போல மிதந்தது. ஒருவர் சாரத்தின் தலைப்பை மூக்கில் சுற்றிக்கொண்டார். நோய்த்தொற்றுக் காலத்தில் வாங்கி மிஞ்சிய துணிக் கவசங்களைப் பிள்ளைகளுட் சிலர் அணிந்திருந்தனர். மற்றையோர் எதையும் அணியவில்லை. நண்பகலில் அதே முற்றத்தில் இருந்து சோறு உண்டோம். மாலையில் நடந்த சிறு கூட்டத்தில் சிரமதானத்தின் மேன்மைபற்றிப் பேசியவனும் நான்தான். அம்மக்களிடம் உழைப்பைத் தானமாகக் கேட்டோம். அவர்கள் அதனோடு வேறெதையோ சேர்த்துத் தந்துவிட்டுப் போனார்கள் என்பது அன்று என் புத்திக்கு எட்டவில்லை. அன்றிரவு என் சட்டையை உதறித் தோய்த்தவள் என் மனைவி. அவள் இடுப்பில் எங்கள் கைக்குழந்தை இருந்தது.

அந்நாளிற் பிடித்த புகைப்படமொன்று பாடசாலை மலரில் வெளியாயிற்று. மலர் எவ்வாறோ மெல்பேர்ணில் வாழும் பழைய மாணவன் ஒருவன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. என் ஆசிரியத் தொழிலின் முதலாண்டில் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்தவன். இன்று அந்நகரத்தின் பழைய கட்டிடங்களிலிருந்து அஸ்பெஸ்டஸ் அகற்றும் தொழிலாளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அழைத்தான். சுகம் விசாரிக்கவில்லை. "சேர், அந்தப் படத்தில ஒருத்தர்ட மூக்கிலயும் ஒண்டும் இல்லியே!" என்றான். "இஞ்ச இதத் தொடுறதெண்டா விசிறி பூட்டின கவசம் இல்லாம எங்கள உள்ளுக்கு விடமாட்டாங்க."

அவன் விவரித்த கருவியைச் சற்று விளக்கவேண்டும். தொழிலாளியின் இடுப்புப் பட்டியில் ஒரு சிறு மோட்டர் இருக்கிறது. அது சுழற்றும் விசிறி, வெளிக்காற்றை நுண்ணிய வடிகட்டியினூடாக இழுத்து, ஒரு குழாய் வழியே முகக்கவசத்துக்குள்ளோ தலையை மூடும் உறைக்குள்ளோ இடைவிடாது செலுத்துகிறது. உள்ளே காற்றின் அழுத்தம் சற்று மிகுந்திருப்பதனால், விளிம்பில் இடைவெளி இருந்தாலும் காற்று வெளியே கசியுமேயன்றித் தூசு உட்புகுவது அரிது. ஆங்கிலத்தில் நீண்ட பெயர்கொண்ட இக்கருவிக்குத் தமிழில் இன்னும் பெயர் நிலைபெறவில்லை. விசிறிக் கவசம் என்று வைத்துக்கொள்வோம். முகத்தோடு பொருந்திய சாதாரண அரைமுகக் கவசம், உள்ளிழுக்கும் தூசை 10இல் ஒரு பங்காகக் குறைக்கும் என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகளின் கணக்கு. தளர்ந்த தலையுறை கொண்ட விசிறிக் கவசத்துக்கு அக்கணக்கு 25இல் ஒரு பங்கு. முழுமுகத்தையும் இறுக மூடும் விசிறிக் கவசத்துக்கு 1000இல் ஒரு பங்கு. அந்நாட்டுத் தரவிதிப்படி இறுகப் பொருந்தும் கவசத்துக்கு நிமிடத்துக்கு 115 லீற்றர் காற்றும், தளர்ந்த உறைக்கு 170 லீற்றர் காற்றும் குறையாமல் வரவேண்டும்.

அந்தக் காற்றை வரச்செய்வது எது? இடுப்பிலேயே தொங்கும், உள்ளங்கைக்குள் அடங்கக்கூடிய ஒரு மின்கலம்; நம் ஊர்ப் பேச்சிற் பற்றரி. மின்கலம் ஓய்ந்தால் விசிறி ஓயும். தளர்ந்த தலையுறைக்குள் விசிறி ஓய்ந்தவன், ஒன்றும் அணியாதவனிலும் பெரிதும் மேம்பட்டவனல்லன். தான் விட்ட மூச்சையே அவன் மீண்டும் இழுக்கத் தொடங்குகிறான்.

தமிழாசிரியன் ஒருவனுக்கு இந்த ஆராய்ச்சி ஏன் என்று கேட்கக்கூடும். ஆண்டுதோறும் எழுத்துக்களின் பிறப்பைக் கற்பிக்கிறேன். உந்தியில் எழுந்த காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, நாவும் பல்லும் இதழும் பொருந்த எழுத்தொலியாகின்றது என்று தொல்காப்பியர் சொன்னதைக் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறேன். உயிர்ப்பு என்ற நம் சொல்லுக்கு மூச்சு என்றே பொருள். உயிருக்கும் மூச்சுக்கும் ஒரே வேரைக் கண்ட மொழி இது. அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்த அதே வாயால், "தூசைப் பார்க்காதீர்கள், விரைவாக அள்ளுங்கள்" என்று பிள்ளைகளை ஏவியிருக்கிறேன். மீன் பாடும் தேனாடு என்று நம் பிரதேசத்தைப் புகழாத மேடை இல்லை. நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பை நீரில் விட்டு அதன் மறுமுனையிற் செவியை வைத்து, வாவிக்குள் எழும் ஓசையைக் கேட்போம். இருமுகின்ற கூலியாளின் நெஞ்சில் எழும் ஓசைக்கு அவ்வளவு சிரத்தையோடு செவிகொடுத்தவர் எத்தனை பேர்?

அஸ்பெஸ்டஸ் என்ற கல்நார், கல்லாகப் பிறந்து நாராக உரிவது. நம் கூரைச் சீற்றில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு அந்நார். எஞ்சியது பெரும்பாலும் சீமெந்து. சீற்று முழுமையாக இருக்கும்வரை நாரைச் சீமெந்து பற்றி வைத்திருக்கும். வெட்டினாலும் துளைத்தாலும் உடைத்தாலும், வெயிலிலும் மழையிலும் இற்றுப்போனதைத் தேய்த்தாலும், கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றிற் கலக்கின்றன. நுரையீரலின் ஆழத்தில் தைத்த இழையை உடலால் வெளியேற்ற முடிவதில்லை. நுரையீரல் தடித்து இறுகும் நோயும், நுரையீரற் புற்றும், நெஞ்சின் உட்சவ்வில் வரும் கொடிய புற்றும் இதன் விளைவுகள்; அவை தோன்றுவதற்கு 20 முதல் 50 ஆண்டுகள்கூடச் செல்லலாம். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் விளைப்பது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. ஒரு நாள் தூசு உண்ட எல்லோரும் நோயாளராவர் என்று நான் அச்சுறுத்தவில்லை. அளவு கூடக் கூட ஆபத்துக் கூடும். ஆனால் இவ்வளவு வரை தீங்கில்லை என்று கோடு கிழித்துக் காட்டியவர் எவருமிலர்.

சட்டையைத் தோய்த்தவளைப் பற்றிச் சொன்னேன். 1965இல் இலண்டனில் நியூஹவுஸ், தொம்சன் என்ற இரு ஆய்வாளர்கள் நெஞ்சுச் சவ்வுப் புற்றால் இறந்தவர்களின் வரலாறுகளைத் துருவினர். அஸ்பெஸ்டஸ் ஆலைக்குள் ஒருநாளும் கால்வைக்காத பெண்களும் அவர்களுள் இருந்தனர். கணவனின் தொழில் உடுப்பை உதறித் தோய்த்ததே அவர்கள் செய்த வேலை.

மட்டக்களப்பில் இந்தக் கூரைகள் எவ்வளவு என்று கேட்பவர், எழுவான்கரையில் களுவாஞ்சிகுடியிலிருந்து ஏறாவூர் வரை ஒருமுறை பேருந்திற் போய்ப் பார்க்கட்டும். 1978 நவம்பர் 23ஆந் தேதிச் சூறாவளி தூக்கிச் சென்ற கூரைகளுக்கும், போர்க்காலத்தில் எரிந்த கூரைகளுக்கும், 2004 டிசம்பர் 26இல் நாவலடியிலும் கல்லடியிலும் ஆழிப்பேரலை அடித்துச் சென்ற கூரைகளுக்கும் பதிலாக ஏறியவற்றுள் இந்தச் சீற்றுக்கள் எத்தனை! இழப்புக்குப்பின் மலிவாகவும் விரைவாகவும் கிடைப்பதையே ஏழை தலைக்குமேல் வைக்கிறான். அவனைக் குறைகூறுவதற்கில்லை. ஆழிப்பேரலைக்குப் பின் அந்த இடிபாடுகளை வெறுங்கையால் அள்ளியவர்களின் கணக்கை இந்நாட்டில் யார் வைத்திருக்கிறார்கள்? 20 ஆண்டுகள் கடந்துவிட்டன. நோயின் நாட்காட்டிப்படி இனிமேற்றான் அவர்களின் காலம் தொடங்குகிறது.

நீலக் கல்நாரை இலங்கை 1987இலேயே தடைசெய்தது. வெண்கல்நார் இறக்குமதியை 2018 தொடக்கத்திலிருந்து கட்டுப்படுத்துவதாக அரசாங்கம் பின்னர் அறிவித்தது. 2017 டிசம்பரில், இலங்கையிலிருந்து சென்ற தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதாகக் கூறி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்திற்று. நமக்கு வெண்கல்நார் விற்கும் நாடும் ரஷ்யாவே. அந்த மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடை நீங்கியது. அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடும் கைவிடப்பட்டது. வண்டுக்கும் கூரைக்கும் என்ன உறவு என்று ஊகிக்கப் பெரிய அரசியல் ஞானம் வேண்டியதில்லை. மலையகத்துத் தமிழ்ப் பெண் அட்டைக் கடியில் நின்று பறித்த கொழுந்துக்குச் சந்தை வேண்டும் என்பதற்காக, கீழ்க்கரையில் கூரை ஏறுபவனின் நெஞ்சு விலையாகக் கொடுக்கப்பட்டது. ஒரு தொழிலாளியின் கூலியை மற்றொரு தொழிலாளியின் மூச்சால் ஈடுசெய்யும் இந்த வியாபாரத்தில் இருவரில் எவரையும் எவரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் முற்போக்கு நண்பர்கள் சிலர் என்னை மறிப்பர். "தடையைக் கோருங்கள், தூசைப் பிறப்பிடத்திலேயே நிறுத்தக் கோருங்கள், முகமூடியைப் பற்றிப் பேசுவது முதலாளிக்குச் சாட்டு எடுத்துக்கொடுப்பதாகும்" என்பர். இவர்கள் சொல்வதில் முக்காற்பங்கு உண்மை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே, தீங்கான தூசைத் தொழிலாளி சுவாசியாதபடி தடுக்கவும், இயன்றவிடத்து அது எழும் இடத்திலேயே உறிஞ்சி அகற்றவும் பணிக்கிறது. அதைச் செய்யாத ஆலைக்காரன் ஆளுக்கொரு முகமூடியை எறிந்துவிட்டுக் கைகழுவுவதை நானும் எதிர்க்கிறேன். படுவான்கரையின் நெல்லைக் குற்றும் ஆலைகளில் உமித்தூசை உறிஞ்சும் குழாய் பூட்டுவதற்குப் பதிலாகக் கைக்குட்டை கட்டச் சொல்பவர்களுக்கு நான் வக்கீலல்லன். ஆனால் எஞ்சிய காற்பங்கை இந்நண்பர்கள் காண்பதில்லை. நாளைக் காலையிலேயே பூரணத் தடை வந்தாலும், நம் தலைக்குமேல் ஏற்கெனவே ஏறிவிட்ட சீற்றுக்கள் தாமாக இறங்கி நடந்து போகமாட்டா. அவற்றை ஒரு மனிதன் ஏறிக் கழற்றவேண்டும். உலகில் எந்நாடு தடை விதித்ததோ அந்நாட்டில் அன்றிலிருந்துதான் அகற்றுந் தொழில் பெருகிற்று. பிரித்தானியா 1999இலும் ஆஸ்திரேலியா 2003இன் இறுதி நாளிலும் முழுத்தடை விதித்தன. அங்கே இன்றும் ஆயிரக்கணக்கானோர் கவசமணிந்து பழைய கட்டிடங்களுக்குள் இறங்குகிறார்கள். அவர்களுள் ஒருவன் என் மாணவன். ஆகவே மூச்சுக் கவசம்பற்றிய கேள்வி தடைக்கு மாற்றன்று, தடையின் மறுபாதி.

எல்லா வேலைக்கும் விசிறிக் கவசமே வேண்டும் என்றும் நான் சாதிக்க வரவில்லை. சீற்றை நனைத்து, ஆணியைக் கழற்றி, உடைக்காமல் முழுதாக இறக்கினால், நன்கு பொருந்திய உயர்தர வடிகட்டிக் கவசமே போதும் என்று மேனாட்டு விதிகள் சில கூறுகின்றன. நாம் அவ்வாறா இறக்குகிறோம்? சம்மட்டியால் உடைக்கிறோம், மின்வாளால் அறுக்கிறோம், காற்றில்லாத மச்சுக்குள் குனிந்து துளைக்கிறோம். பொருத்தம் என்பதோ சோதித்தறியவேண்டிய ஒன்று. அந்தச் சோதனை நடந்ததை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. மேலும் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் இருந்து வரும் மேசன்மாருட் பலர் மார்க்கப்பற்றால் தாடி வைத்திருப்பவர்கள். தாடியின்மேல் இறுக்கமான கவசம் ஒட்டாது. "மழித்துவிட்டு வா" என்று சொல்லும் அதிகாரம் எனக்கும் இல்லை, கொந்தராத்துக்காரருக்கும் இல்லை. தளர்ந்த தலையுறையுடைய விசிறிக் கவசம் தாடியைப் பொருட்படுத்துவதில்லை. நம் வெயிலில் இறுகக் கட்டிய கவசம் அரைமணி நேரத்தில் வேர்வையால் மூச்சடைக்கும். விசிறிக் கவசத்துக்குள் முகத்தில் ஓடும் காற்று, அணிபவனுக்குச் சுகமே. "எங்கட ஆட்கள் போடமாட்டார்கள்" என்ற பழைய பல்லவியைப் பாடுபவர்கள், போடக்கூடியதை இதுவரை கொடுத்துப் பார்த்ததுண்டா?

கொடுத்துப் பார்த்த இடமொன்றை நான் கண்டேன். இதுதான் என்னை எழுதத் தூண்டியது.

மாணவனின் தொலைபேசிக்குப்பின் விசாரித்துத் திரிந்தபோது, நம் மாவட்டத்திலேயே ஒரு நிறுவனத்தின் களஞ்சியத்தில் இத்தகைய கருவிகள் இரண்டு கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வெளிநாட்டு உதவியாக வந்தவை. கையளித்த நாளின் படம் சுவரிலே சட்டமிட்டுத் தொங்கியது. களஞ்சியக் காப்பாளர் பெட்டியைத் திறந்து தூசு தட்டினார். தலையுறைகள் புதுக்கருக்கழியாமல் இருந்தன. குழாயைச் சுற்றிய தாள்கூடப் பிரிக்கப்படவில்லை. பொத்தானை அமுக்கினேன். அசைவில்லை. "சேர், மெசினுக்கு ஒண்டுமில்ல, பற்றரிதான் செத்துப்பெய்த்து" என்றார் அவர், இறந்த கன்றைப் பற்றிச் சொல்வதுபோல.

ஏன் செத்தது? எவரும் மின்னேற்றவில்லை. இலிதியம் மின்கலம் பாவிக்காமல் வைத்தாலும் மெல்ல மெல்ல இறங்கும். அடிமட்டத்துக்கு இறங்கி நெடுநாட் கிடந்தால் மீண்டும் ஏற்கும் திறனை இழந்துவிடும். தகரக் கூரையின்கீழ் வெப்பத்திற் கிடந்தால் அதன் ஆயுள் இன்னும் சுருங்கும். நம் வாவிக்கரையின் உப்புக் காற்று அதன் செப்பு முனைகளை அரிக்கும். புதியது வாங்கலாமே என்றால், கடையிற் கிடைக்கும் ஏதோவொரு மின்கலத்தை அதிற் செருக முடியாது. வடிகட்டி, விசிறி, குழாய், உறை, மின்கலம் எல்லாம் சேர்ந்த முழுமைக்கே தரச்சான்று வழங்கப்படுகிறது. உற்பத்தியாளனின் மின்கலத்தை விட்டு வேறொன்றைப் பொருத்தினால் சான்று செல்லாது. எரியுந் தூசு மண்டிய ஆலைகளிலோ, தீப்பொறி எழாதவாறு தனியாகச் சோதித்துச் சான்றளித்த மின்கலமே வேண்டும். மற்றது தொழிலாளியின் இடுப்பிற் கட்டிய வெடி. கருவியை ஒருமுறை விற்றவன், மின்கலத்தை வாழ்நாள் முழுவதும் விற்கிறான். உதவி வழங்கிய கனவான்கள் கருவியைத் தந்தார்கள். அடுத்த ஆண்டின் மின்கலத்தைத் தருவதாக அவர்கள் எழுதிய கடிதம் அந்தச் சுவரில் இல்லை.

இங்கேதான் பொறுப்பு எது, பாசாங்கு எது என்று தெரிந்துவிடுகிறது. கருவியை வாங்குவது ஒரு நாட் காரியம். அதற்கு மாலையும் படமும் உண்டு. மின்னேற்றுவது ஒவ்வோரிரவும் செய்யவேண்டிய காரியம். விசிறி தரும் காற்றின் அளவை ஒவ்வொரு காலையும் சோதிக்கவேண்டும். மாற்று மின்கலம் ஒன்று எப்போதும் ஏற்றிய நிலையில் இருக்கவேண்டும். பழைய மின்கலம் வலுக்குறைந்ததும் கழித்துவிடவேண்டும். இவற்றுக்குப் படம் பிடிப்பாரில்லை. "கவசம் கொடுத்தோம்" என்று ஏட்டிற் பதிவது, மின்னேற்றாத கவசத்தைப் பொறுத்தவரை, பசித்தவனுக்குச் சோற்றுப் பானையைக் கொடுத்து அரிசியை மறந்ததாகும்.

மின்கலத்துக்கும் கூலிக்கும் உள்ள தொடர்பை அதிகாரிகளின் சுற்றறிக்கை எதிலும் நான் கண்டதில்லை. நிறைய ஏற்றிய மின்கலம் கருவிக்குக் கருவி நான்கு மணி முதல் எட்டு மணி நேரம் வரை ஓடும். பெரியது இன்னுஞ் சற்று ஓடும். வலுக் குறையும்போது கருவி ஒலியெழுப்பி எச்சரிக்கும். ஒலி கேட்டதும் வேலையை விட்டு வெளியேறவேண்டும் என்பது விதி. மெல்பேர்ணில் மணிக்கணக்கிற் கூலி பெறும் என் மாணவன் வெளியேறுவான். வெளியேறிய நேரத்துக்கும் அவனுக்குக் கூலி உண்டு. நம் ஊரில், இவ்வளவு சீற்றுக்கு இவ்வளவு காசு என்று பேசிக் கூரையில் ஏறியவன், இன்னும் பத்துச் சீற்று எஞ்சியிருக்க, ஒலி கேட்டு இறங்குவானா? உறையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலையை முடிப்பான். பிறகு "அவனுடைய அசட்டை" என்று எழுதுவார்கள்.

அந்நாட்டில் வேலை முடிந்தாலும் கவசம் கழலாது என்று மாணவன் சொன்னான். தூசு படிந்த மேலுடையைக் களைந்து, கவசத்தோடேயே நீரின்கீழ் நின்று தலையும் உடலும் கழுவி, அதன்பின்பே முகத்திலிருந்து எடுக்கவேண்டும். அவ்வளவு நேரமும் விசிறி சுழலவேண்டும். அதாவது மின்கலத்தின் கணக்கு வேலை நேரத்தோடு முடிவதில்லை. குளிக்கும் நேரத்தையும் சேர்த்தே அது அளக்கப்படுகிறது. நம் ஊரிற் கூரை இறக்கியவன் வாவியிலோ வீட்டுக் கிணற்றடியிலோதான் குளிக்கிறான். அவன் உடுப்பும் தூசும் அதுவரை அவனோடு சைக்கிளில் வருகின்றன.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். நம் பகுதியில் மேசன் தன் கரண்டியையும் மட்டப்பலகையையும் தானே கொண்டுவருவான். தச்சன் உளியைத் தானே கொண்டுவருவான். நாளை விசிறிக் கவசம் கட்டாயமானால், கொந்தராத்துக்காரர் அதனையும் கரண்டியின் கணக்கிற் சேர்த்துவிடுவார் என்று அஞ்சுகிறேன். "மின்கலத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஏற்றிக்கொண்டு வா" என்பார். அப்பொழுது கல்நார் படிந்த மின்கலம், குழந்தை தவழும் அறையிலே, ஒரேயொரு செருகுதுளையிலே, கைத்தொலைபேசியோடு போட்டியிட்டுக்கொண்டு இரவு முழுவதும் கிடக்கும். முதலாளியின் கடமை கூலியாளின் மின்பட்டியலில் ஏறும். தூசும் வீட்டுக்கு வரும். செலவும் வீட்டுக்கு வரும்.

"நம் நாட்டு வசதிக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்போர் அடுத்து நிற்கிறார்கள். ஒரு கருவியின் விலை கூலியாள் ஒருவனின் சில மாத வருமானம் என்பது உண்மையே. ஆனால் அதை நாள்தோறும் ஓடவைக்கும் மின்சாரம் எவ்வளவு? அலுவலகத்திற் கனவானின் தலைக்குமேற் சுழலும் மின்விசிறி ஒன்றிரண்டு மணி நேரத்தில் உண்ணும் அளவே. ஆறுதலாக இருந்து கையொப்பமிடுபவருக்குக் காற்று வேண்டும் என்பது வசதி பற்றிய கேள்வியாக எழுவதில்லை. கூரையில் நிற்பவனுக்குக் காற்று வேண்டும் என்றதும் நாட்டின் வறுமை நினைவுக்கு வருகிறது.

2022இன் மார்ச் இறுதியில் இத்தீவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றது. அத்தகைய நாளில் மின்னேற்றுவது எப்படி என்று கேட்டால், என் விடை எளிது: மின்னேற்ற முடியாத நாளில் அந்த வேலை நடக்கக்கூடாது. சீமெந்து இல்லாத நாளிற் சுவர் எழுப்புகிறோமா? அன்றியும், வெயிலுக்குப் பஞ்சமில்லாத மட்டக்களப்பில், களஞ்சியத்தின் கூரையில் ஒரு சிறு சூரியத்தகட்டைப் பொருத்தினால் இரண்டு மூன்று மின்கலங்களை ஏற்றிவிடலாம். அதைச் செய்ய எந்த வல்லரசின் கடனும் வேண்டாம்.

விசிறிக் கவசத்தை நான் வழிபடுவதாகவும் எண்ணவேண்டாம். அதன் மின்கலத்துட் பலவற்றில் கோபாற்று என்ற உலோகம் இருக்கிறது. உலகத்துக் கோபாற்றிற் பெரும்பங்கு கொங்கோவின் மண்ணிலிருந்து வருகிறது. அங்கே கையாற் குழிதோண்டும் ஏழைகள் அத்தூசை யாதொரு கவசமுமின்றிச் சுவாசிக்கிறார்கள். நம்மவனின் நுரையீரலைக் காக்கும் பொருள் அவர்கள் நுரையீரலைக் கடந்து வருகிறது. பழைய மின்கலங்களை வாவியோரத்துக் குப்பையில் எறிந்தால் நாமும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாவோம்.

1924இல் இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் நெல்லி கேர்ஷோ என்ற தொழிலாளிப் பெண் 33ஆவது வயதில் இறந்தாள். அஸ்பெஸ்டஸ் நூல் நூற்று நுரையீரல் இறுகியவள். அவளுக்கு வேலை கொடுத்த ரேணர் சகோதரர் கம்பெனி இழப்பீடு கொடுக்க மறுத்தது. ஈமச் செலவுக்கும் உதவ மறுத்தது. ஒருத்திக்குக் கொடுத்தால் மற்றவர்களும் கேட்பார்கள் என்பதே அவர்களின் அச்சம். அவளுக்கும் எனக்கும் ஏறத்தாழ ஒரே வயது. நூறு ஆண்டு கழிந்தும் அந்த அச்சத்தையே நான் இங்கே கேட்கிறேன். மிக மரியாதையான தமிழிற் கேட்கிறேன்.

எங்கள் பாடசாலையில் இன்னொரு கட்டிடம் இருக்கிறது. அதன் கூரையும் வரும் ஆகஸ்டில் இறங்கவேண்டும். இம்முறை நான் பிள்ளைகளை அனுப்பமாட்டேன் என்று எழுத்திற் கொடுத்தேன். சீற்றை நனைத்து முழுதாகக் கழற்றவேண்டும், கழற்றுபவருக்குத் தகுந்த கவசமும் ஏற்றிய மின்கலமும் மாற்று மின்கலமும் வேண்டும், கழற்றியதை உறையிட்டுப் புதைக்கவேண்டும் என்றும் சேர்த்திருந்தேன். உரிய காரியாலயத்திலிருந்து வந்த விடை, நிதி ஒதுக்கீடு இல்லையெனினும் சிரமதானமாகச் செய்வதற்கு ஆட்சேபணை இல்லை என்றது.

கடந்த மாதம் பெற்றோர் கூட்டத்தில் இவற்றையெல்லாம் விளக்கினேன். சென்ற ஆண்டு செய்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டனர்; சிலர் சிரித்தனர். கடைசி வரிசையிலிருந்து ஒரு மேசன் எழுந்தார். அவருடைய மகள் என் வகுப்பிற் படிக்கிறாள். சென்ற ஆண்டு கூரையின்மேல் நின்றவர்களில் அவரும் ஒருவர்.

"அந்த மெசின் வந்தா, சாஜ் போடுறது ஆரு, சேர்?"

"வேலை செய்விப்பவர்கள்" என்றேன்.

"கரண்ட் இல்லாட்டி?"

"அன்றைக்கு வேலை இல்லை."

"அப்ப கூலி?"

கூலி உண்டு என்று சொல்லும் அதிகாரமுடையவர்கள் மேசையருகே முன்வரிசையில் இருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். அம்மனிதரும் நின்றபடியே அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.